காற்று ஷொக் மோகம்

மன்னார்ப் பக்கம் சின்னக் காரொன்றைப் பந்தயத்துக்குத் திருத்த நினைக்கும் பொடியன்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே பல்லவிதான். கொயில் ஸ்பிரிங் பழசாம், அது தூக்கிப் போடுமாம். காற்று ஷொக் போட்டால் கார் மிதக்குமாம், மிதக்கிற கார்தான் முந்துமாம். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ஓட்டங்களை வீடியோவில் பார்த்துப் பார்த்துப் பழைய நிஸான் மார்ச்சைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். நல்ல பிரேக்குக்குக் காசிராது. காற்று ஷொக்குக்கு மட்டும் கடன் கேட்பார்கள்.

இந்த மயக்கத்துக்குப் பாதிக் காரணம் பஸ். சென்னையில் வால்வோ பஸ்ஸில் போய்வந்தவர்கள் அதன் சுகத்தைச் சொல்லி ஓயமாட்டார்கள். சுகம் மெய்தான். ஆனால் பஸ்ஸுக்குக் காற்றுப் பை ஏன் வைத்தார்கள்? அது பத்துப் பேரோடும் ஓடவேண்டும், ஐம்பது பேரோடும் ஓடவேண்டும். பாரம் ஏறினால் காற்றைக் கூட்டி, இறங்கினால் குறைத்து, உயரத்தை ஒரே அளவில் வைத்திருக்கத்தான் அந்த ஏற்பாடு. பந்தயக் காரில் யார் ஏறி இறங்குகிறார்கள்? ஓட்டுகிறவர் ஒருவர். குறைவதெல்லாம் டாங்கியில் சில லீற்றர் பெற்றோல்.

மற்றப் பாதி பல்சர் பைக். பின் ஷொக்கில் ஒட்டியிருக்கும் குப்பியைத் தொட்டுக் காட்டி, “காஸ்தான் தாங்குது, பாருங்கோ அண்ணை” என்பார்கள். தாங்குவது அதைச் சுற்றியிருக்கும் கொயில். குப்பிக்குள் இருக்கும் நைதரசனின் வேலை, எண்ணெய் நுரைக்காமல் அழுத்திப் பிடிப்பது. எண்ணெய் நுரைத்தால் ஷொக்கால் துள்ளலை அடக்க முடியாது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே காற்றைத் தாங்கியாக வைத்தால் என்ன நடக்கும்? ஷொக் ஓட ஓடச் சூடேறும். 20 பாகையில் அடைத்த காற்று 70 பாகைக்கு ஏறினால் அதன் அழுத்தமோ கனவளவோ ஏறத்தாழ 17 சதவீதம் கூடியாகவேண்டும். பாரம் மாறாததால் கார் எழும்பும். முதல் சுற்றில் இருந்த உயரம் பத்தாவது சுற்றில் இராது. அதே சூட்டில் உருக்குக் கொயிலின் விறைப்பு ஒன்றிரண்டு சதவீதந்தான் தளரும். அதோடு, காற்று அமுங்க அமுங்க விறைத்துக்கொண்டே போகும். வளைவில் வெளிப்பக்கம் இறுகுகிற அளவுக்கு உள்பக்கம் தளர்வதில்லை. ஆகவே கார் சாய்வதோடு நில்லாமல் மேலேயும் எழும்பும். தாழ்ந்து போகவேண்டிய நேரத்தில் எழும்புகிற காரை எந்த ஓட்டுநர் கேட்டார்?

இனி எங்கள் ஊர்க் கதை. ஆடிச் சோளகம் தலைமன்னார் வீதியில் மணலை வாரி அடிக்கிறது. தம்பபவனியின் 30 காற்றாலைகளைத் தென்கரையில் நட்டதே இந்தக் காற்றை நம்பித்தான். அது மணலோடு உப்பையும் கொண்டுவரும். ஷொக் தண்டைக் கிட்டப் பார்த்தால் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மாவுபோல மணல் ஒட்டியிருப்பது தெரியும். உப்பு அரித்த இடத்தில் குரோம் முலாம் ஊசிமுனை அளவுக்குப் பொத்தல் விட்டிருக்கும். அந்தத் தண்டு ஒவ்வொரு முறையும் எண்ணெயை அடைத்துவைக்கும் சீலை அராவிக்கொண்டே உள்ளே போகிறது. கொயில் காரில் சீல் போனால் எண்ணெய் கசியும், கார் துள்ளும், ஆனாலும் நிற்கும். காற்று ஷொக்கில் சீல் போனால் அந்த மூலை அப்படியே உட்கார்ந்துவிடும். காற்றைப் பிடித்துவைக்கச் சீலை இறுக்கிப் போடவேண்டும். அந்த இறுக்கத்தால் சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் ஷொக் அசையவே மறுக்கும். மிதப்பு எங்கே? கொயிலும் துருப்பிடிக்கும்தான். நல்ல தண்ணீரால் கழுவிப் பூச்சைக் கவனித்தால் தாக்குப்பிடிக்கும்.

காற்றைத் தாங்கியாக வைப்பதை மொட்டோகுரொஸ்காரர் செய்து பார்த்துவிட்டார்கள். ஹொண்டா 2013இல் சிஆர்எஃப்450ஆரின் முன் கவைக்குக் காற்றுக் கொடுத்தது. 2017இல் கொயிலுக்குத் திரும்பியது. கவாசாகியும் 2019இல் திரும்பியது. கேரிஎம் இன்னும் காற்றோடுதான் நிற்கிறது, அதையும் சொல்லவேண்டும். காற்றுக் கவை பாரம் குறைவு. ஓட்டுகிறவரின் எடைக்கேற்பப் பம்பால் சரிசெய்யலாம், புது ஸ்பிரிங் வாங்கத் தேவையில்லை. பைக்குக்கு அது பெரிய வசதி. ஒரே ஆள் ஓட்டும் காருக்கு ஒருமுறை சரியான ஸ்பிரிங் வாங்கினால் போதும்.

“கொயில் தூக்கிப் போடுதே” என்பவர்களிடம் அந்தக் கொயில் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். காரைத் தாழ்த்தவென்று கராஜில் கிரைண்டரால் ஒரு சுற்றை வெட்டியிருப்பார்கள். வேலை செய்யும் எட்டுச் சுற்று ஏழானால் விறைப்பு 14 சதவீதம் கூடும், ஓடவேண்டிய தூரம் குறையும், ஷொக் அடியில் முட்டும். அல்லது வேறு காரின் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள். சுற்றின் அகலமும் எண்ணிக்கையும் அப்படியே இருக்க, கம்பி மட்டும் 10 மில்லிமீற்றருக்குப் பதில் 11 என்றால் விறைப்பு 46 சதவீதம் எகிறும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. காற்று ஷொக்குக்குக் கடன் கேட்க முன்னர் ஒரு வேணியரை எடுத்து அந்தக் கம்பியை அளந்து பாருங்கள்.