மரபணுவை அடக்கும் மருந்து

மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் கேரள அரசு 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ சோதனையைத் தொடங்கியது. நல்ல காரியம், ஆனால், ஏற்கெனவே மருந்துக்கு அடங்காத கிருமியைச் சோதனை என்ன செய்யும்?

அதற்கு ஆய்வகம்தான் வழி. டி.என்.ஏ.வை வெட்டும் கேஸ்9 என்ற புரதத்தின் வெட்டும் திறனை நீக்கிவிட்டால், அது வழிகாட்டி ஆர்.என்.ஏ. சுட்டும் மரபணுவின் மேல் உட்கார்ந்து அதை இயங்கவிடாமல் தடுக்கும். 2013இல் வெளிவந்த உத்தி இது. பென்சிலினைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதிக்கான மரபணுவை இப்படி அடக்கினால், பழைய மருந்தே மறுபடி வேலை செய்யக்கூடும். உடலுக்குள் இருக்கும் ஒவ்வொரு கிருமிக்குள்ளும் இதைக் கொண்டுசேர்ப்பதுதான் தீராத தலைவலி. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களை வாகனமாக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

இத்தகைய ஆய்வுக்குக் கேரளத்திலேயே இடம் இருக்கிறது: கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, பக்கத்திலேயே கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம். கணினியும் உயிரியலும் கைகோக்க இதைவிட வசதியான இடம் ஏது? கடைச் சோதனையோடு நிற்காமல், இந்த ஆய்வுக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும்.