குளிர்ப்பெட்டிக் கதவு இறுக மூடுகிறதா?

சகோதரிகளே, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு சகோதரி இப்படி எழுதியிருக்கிறார்: "மாமியாருக்கு இன்சுலின் ஊசி. மருந்தை ஐஸ்பெட்டியில்தான் வைக்கிறோம். இரண்டு மாதமாக மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது. கதவோரம் வியர்த்துக் கொட்டுகிறது. கரண்டு பில்லும் ஏறிவிட்டது. புதுப்பெட்டி வாங்குவோம் என்கிறார் வீட்டுக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?"

அவசரப்பட வேண்டாம், அம்மா. முதலில் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரைப் பாருங்கள். கடைக்காரர்கள் இதை 'கேஸ்கெட்' என்பார்கள். பெயர்தான் ரப்பர், நாம் பால் வெட்டும் மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் பி.வி.சி. என்னும் வளையும் பிளாஸ்டிக். அதன் வயிற்றுக்குள் காந்தப் பட்டை ஒன்று ஓடுகிறது. கதவைச் சாத்தும்போது 'டப்'பென்று ஒட்டிக்கொள்வது அதனால்தான். (பழைய பெட்டிகளில் வெளியே கொக்கி இருந்தது. விளையாட்டாக உள்ளே புகுந்த பிள்ளைகள் திறக்க முடியாமல் மாண்டதால், உள்ளிருந்தே திறக்கும்படி கதவு இருக்க வேண்டுமென்று அமெரிக்காவில் 1956-இல் சட்டமே போட்டார்கள். லயத்துக்குப் பின்னால் பழைய பெட்டி கிடந்தால் இன்றே கதவைக் கழற்றிவிடுங்கள்.)

இந்த ரப்பர் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தாலும் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே நுழைந்துவிடும். அந்த ஈரம் உறைபனியாகிக் கம்பளிபோல் படிகிறது. குளிர் வெளியே வர முடியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. பால் திரிவதும், மீன் நாறுவதும், ரப்பர் மடிப்பில் கறுப்புப் பூஞ்சணம் பிடிப்பதும் இதன் கூடவே வரும். இரண்டு கதவுகளுக்கு நடுவிலுள்ள சட்டம் மட்டும் லேசாகச் சுட்டால் பயப்படாதீர்கள். வியர்க்காமலிருக்க, செய்தவர்களே அப்படி வைப்பதுண்டு.

சோதிப்பது சுலபம். ஒரு வெள்ளி நோட்டை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். இப்போது அது பிளாஸ்டிக், வழுக்கும். நாள்காட்டியில் கிழித்த தாள் போதும். பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவைச் சாத்தி மெல்ல இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சாணுக்கு ஒரு தடவை, நாலு பக்கமும். கீழ் மூலைதான் பெரும்பாலும் முதலில் கெடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடினால், வெளிச்சம் கசியும் இடமே காட்டிக்கொடுக்கும்.

தளர்ந்திருந்தால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். குழம்பும் எண்ணெயும் மடிப்பில் காய்ந்திருந்தாலும் ஒட்டாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல் தூரிகையும் கொண்டு தேய்த்து, நன்றாகத் துடையுங்கள். மண்ணெண்ணெய், வெளுப்பு மருந்து இரண்டும் கூடாது. வளைந்த இடத்தில் சுடுநீரில் பிழிந்த துணியைச் சற்று நேரம் வைத்து, கையால் நீவி, கதவைச் சாத்தி வையுங்கள். பல நேரம் பழைய வடிவுக்கு வந்துவிடும். பெட்டியின் முன்கால்களைச் சற்றே உயர்த்தினால் கதவு தானாகச் சாயும். கீல் தளர்ந்து கதவு தொங்கினால் கீலைத்தான் சரிசெய்ய வேண்டும்; ரப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இத்தனைக்கும் பிறகு தாள் உருவிக்கொண்டு வந்தால், அல்லது ரப்பர் வெடித்தோ, கிழிந்தோ, கட்டையாக இறுகியோ இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று சொல்லித் தருவதை நம்பாதீர்கள். சிலவற்றில் ரப்பர் பள்ளத்தில் அழுந்தியிருக்கும். சிலவற்றில் உதட்டுக்கு அடியில் திருகாணிகள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். திருகாணிகளை ஒரே மூச்சில் எல்லாம் கழற்றிவிட்டால் கதவின் உள்தட்டே கையோடு வந்துவிடலாம். ஒவ்வொரு பக்கமாக மாற்றுங்கள். மடித்து வந்த புது ரப்பரைச் சுடுநீரில் முக்கி எடுத்தால் சுருக்கம் போய்விடும்.

இனி மருந்து. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடுபடும். பனி அறையை ஒட்டியும் வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான். நடுத்தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு சிறு வெப்பமானியும் போடுங்கள். இரண்டு மாதமாக உங்கள் பெட்டியில் இருந்த மருந்தைப் பற்றி, அடுத்த ஊசி போடுமுன் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். பார்வைக்குத் தெளிவாக இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

ரப்பரை மாற்றிய மறுநாள் தாளை வைத்து இன்னொரு தடவை இழுத்துப் பாருங்கள். எங்கும் பிடிப்பு நன்றாக இருந்தும் மோட்டார் ஓயவில்லையென்றால், கோளாறு வேறிடத்தில். அப்போது பழுது பார்ப்பவரைக் கூப்பிடலாம்.