வாக்கெடுப்பு யாருக்கு வேண்டும்?

அமெரிக்க வரலாற்றில் அதுவரை கண்டிராத நீண்ட அரசு முடக்கம், 2025 நவம்பரில், 43 நாள்களில் முடிந்தது. மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்காமல் செலவின மசோதாவுக்கு ஆதரவில்லை என்று அக்டோபர் 1 முதல் முழங்கியது ஜனநாயகக் கட்சி. கடைசியில் அதன் செனட்டர்கள் ஏழு பேரும், அவர்களோடு அமரும் சுயேச்சை ஒருவரும் சேர்ந்துதான் குடியரசுக் கட்சிக்குத் தேவையான 60 வாக்குகளை நிரப்பிக் கொடுத்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது, மானியம் குறித்து டிசம்பரில் செனட்டில் ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி. அதிலும் வெல்ல 60 வாக்கு வேண்டியிருந்தது. பிரதிநிதிகள் அவையின் சபாநாயகரோ அந்த வாக்குறுதியைக்கூடத் தரவில்லை.

ஏறத்தாழ 2.2 கோடிப் பேர் நம்பியிருந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பர் 31-உடன் காலாவதியானது. 2026-இல், தனி நபரின் ஆண்டு வருமானம் 62,600 டாலருக்கு மேல் ஒரே ஒரு டாலர் கூடினாலும் மானியம் மொத்தமும் போய்விடும். அறுபது வயதில் சொந்தமாகச் சிறு கடை நடத்துபவர், காப்பீட்டுத் தளத்தில் புதிய பிரீமியத் தொகையைப் பார்த்துவிட்டு, வருமானத்தைக் குறைத்துக்கொள்வதா, காப்பீட்டையே விட்டுவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். டிசம்பர் வாக்கெடுப்பை வைத்துக்கொண்டு அவர் எந்த மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்துவார்?

சுமார் 4.2 கோடிப் பேரின் உணவு உதவி தடைபட்டது, அரசு ஊழியர்கள் சம்பளமின்றி உழைத்தார்கள், ஆகவே இறங்கி வந்தோம் என்கிறார்கள் அந்தச் செனட்டர்கள். பசியைப் பேரப்பொருளாக்கியது வெள்ளை மாளிகைதான், மறுக்கவில்லை. ஆனால், இது நடக்கும் என்று அக்டோபரில் தெரியாதா? நவம்பர் 4 தேர்தலில் வர்ஜீனியாவும் நியூஜெர்சியும் கட்சிக்கு வெற்றியைத் தந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வெண்ணெய் திரண்ட நேரத்தில் தாழியை உடைத்திருக்கிறார்கள். அப்படி உடைத்த எட்டுப் பேரில் 2026-இல் வாக்காளரைச் சந்திக்க வேண்டியவர் ஒருவர்கூட இல்லை. போதாக்குறைக்கு, தங்கள் தொலைபேசிப் பதிவுகளைத் தெரிவிக்காமல் எடுத்தால் செனட்டர்கள் 5 லட்சம் டாலர் கேட்டு அரசு மீது வழக்குத் தொடரலாம் என்ற பிரிவும் அதே மசோதாவில் நுழைந்தது!

ஜனநாயகக் கட்சித் தலைமைக்கு இது பழகிப்போன பாதை. 2025 மார்ச் மாதமும் வீராவேசமாகப் பேசிவிட்டு வழிவிட்டார்கள். 2022 இறுதியில், இரு அவைகளும் கையில் இருந்தபோது, கடன் உச்சவரம்பை உயர்த்தாமல் விட்டார்கள். 2023-இல் எதிர்த்தரப்பு அதையே துப்பாக்கியாக நீட்டியது. 2021-இல் விரிவாக்கிய குழந்தைகள் வரிச் சலுகையை ஓராண்டிலேயே சாகவிட்டார்கள். கழுத்தை இறுக்கிய மானியக் காலாவதித் தேதியைக்கூட 2022-இல் குறித்தவர்கள் இவர்களேதான். எதிர்த்தரப்பைப் பாருங்கள்: பத்தாண்டுகளில் 3.4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறையைக் கூட்டும் என்று காங்கிரஸின் நிதிநிலை அலுவலகம் கணித்த சட்டத்தை 2025 ஜூலையில் நிறைவேற்றி, 2017-இன் வருமானவரிக் குறைப்புகளை நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு நிரந்தரம், இவர்களை நம்பியவர்களுக்குத் தவணை.

முடக்கத்தை முடித்த மசோதா, அரசின் பெரும்பகுதிக்கு 2026 ஜனவரி 30 வரைதான் பணம் ஒதுக்கியது. ஜனநாயகக் கட்சி தன் தலைமையையும் உத்தியையும் அடியோடு மறுபரிசீலனை செய்ய வேண்டும். கடைசிவரை நிற்கும் துணிவில்லாதவர்கள், இனி மக்களைப் பட்டினி போட்டுப் போராட்டம் தொடங்க வேண்டாம்.