கத்திரி வெயிலில் வரும் ஹஜ்ஜுப் பெருநாளும் நம் ஆடுகளும்

பிறைக் கணக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினோரு நாள் முன்னோக்கி நகர்கிறது. நோன்பைப் பொறுத்தவரை இதை நாம் மறப்பதே இல்லை. எந்த ஆண்டு நோன்பு கோடையில் வரும், எந்த ஆண்டு மார்கழிக் குளிரில் வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மட்டும் அப்படி எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7 என அது நகர்ந்து வந்திருக்கிறது. பிறை தென்படுவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாமே தவிர, 2026இல் மே மாதக் கடைசி வாரம், 2027இல் மே நடுப்பகுதி, 2028இல் மே முதல் வாரம் என்பதே வரிசை. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரத்தின் நடுவில்தான் இனி நாம் குர்பானி ஆடுகளை வாங்கவும், ஏற்றிவரவும், கட்டிவைக்கவும், அறுக்கவும் போகிறோம். அதற்கடுத்த சில ஆண்டுகளும் ஏப்ரல், மார்ச் என்று வெயில் காலமாகவே இருக்கும்.

ஆடு வெயிலுக்குப் பழகிய பிராணிதானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் பாதி உண்மை உண்டு. தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளின் கொடி ஆடு, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்துக் கன்னி ஆடு, சேலம் கறுப்பு ஆகியவை வறண்ட மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து தேறியவை. நீண்ட கால்களும் ஒட்டிய உடலும் குட்டையான மயிரும் வெப்பத்தை வெளியேற்ற உதவுகின்றன. மாடு பட்டினி கிடக்கும் காட்டிலும் வெள்ளாடு முள்மரத்தின் மேல் முன்னங்காலை ஊன்றி இலையைக் கடித்துக்கொள்ளும். ஆயினும் அந்தத் தாங்கும் திறன் மேய்ச்சல் காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஆட்டுக்கு உரியது. வெயில் ஏறினால் அது தானே மர நிழலைத் தேடும். மேய்ச்சலைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றிக்கொள்ளும். கண்மாய்க் குட்டைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும். அரையடிக் கயிற்றில் மொட்டை மாடிக் குழாயில் கட்டப்பட்ட ஆட்டுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

ஆட்டின் இயல்பான உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அது மனிதனைப் போல வியர்த்துக் கொட்டித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. மூச்சிரைத்தே பெரும்பாலும் வெப்பத்தைத் தள்ளுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை மூச்சு விடும் ஆடு, வெப்ப அயர்ச்சி கண்டால் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இரைக்கும். வாய் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக நிற்கும். தீனி செரிக்கும்போது இரைப்பையில் சூடு உண்டாவதால், வெப்பம் தாங்காத ஆடு முதலில் தீனியை நிறுத்துகிறது. அசைபோடுவது குறைகிறது. எடை இறங்குகிறது. நோயை எதிர்க்கும் சக்தி தளர்ந்து, சளிக் காய்ச்சலும் கழிச்சலும் எளிதில் தொற்றுகின்றன. பெட்டை ஆடுகள் சினை பிடிப்பது தவறுகிறது. பால் வற்றுவதால் குட்டிகள் மெலிகின்றன. ஆடு பசியெடுக்கவில்லை என்று நாம் நினைக்கும் வேளையில் அது தன் உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஆடு நம் வாசலுக்கு வருமுன் அதை வளர்த்தவரின் நிலையையும் சற்றுப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. இவற்றில் பெரும்பகுதி பண்ணைகளில் வளர்பவை அல்ல. ஐந்து, பத்து என்று ஆடு வைத்திருக்கும் சிறு குடும்பங்களின் உடைமை அவை. பல வீடுகளில் பெண்களின் கைச்சேமிப்பு. பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு கிடா, மருத்துவச் செலவுக்கு ஒரு பெட்டை என்றுதான் அந்தக் கணக்கு ஓடுகிறது. மழை பொய்த்தால் புறம்போக்கு மேய்ச்சல் கருகுகிறது, கண்மாய் வற்றுகிறது, கோடையில் சீமைக் கருவேலங்காய்தான் கைகொடுக்கிறது. (அந்த மரத்தை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை பேசப்பட்டபோது, அதன் காயை நம்பியிருக்கும் ஆட்டுக்காரரை நினைத்தவர்கள் குறைவு. மரம் நீரை உறிஞ்சுகிறது என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. காய்க்கு மாற்று என்ன என்பதுதான் கேள்வி.) மழை ஒரேயடியாகக் கொட்டினாலும் நிம்மதி இல்லை. கடித்துப் பரப்பும் சிறு பூச்சிகள் பெருகி நீலநாக்கு நோய் வருகிறது. திடீரென முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடுகளைத் துள்ளுமாரி கொண்டுபோகிறது. இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சைத் தரணிக்குக் கோடையில் செம்மறிகளை ஓட்டிச் சென்று வயல்களில் கிடை போடும் பழக்கமும், பருவம் முறையாக வந்தால்தான் கணக்குக்கு வரும்.

இப்படித் தேற்றி வளர்த்த ஆடு எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கோ மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கோ பெருநாளுக்கு முன் வந்து சேர்கிறது. அதன் துன்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது நம் கருத்து. கால்நடைகளைக் கொண்டுசெல்வது குறித்த 1978ஆம் ஆண்டு விதிகள், நாலரை, ஐந்து டன் சரக்கு வாகனம் ஒன்றில் நாற்பது ஆடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. தரையில் வைக்கோல் பரப்பவும் சொல்கின்றன. பெருநாள் நெருக்கத்தில் சாலையில் செல்லும் வண்டிகளைப் பார்த்தாலே இந்த விதி எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது விளங்கும். தகரத் தரை கொதிக்க, ஒன்றின் மேல் ஒன்று சாய, நடுவில் சிக்கியவை மிதிபடுகின்றன. உயிர் எடைக்கு விலை பேசும் இடங்களில், எடை கூட்டுவதற்காக உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் குடிக்கவைக்கும் பழக்கமும் உண்டு. பெரிய உருவத்துக்கு நாம் காட்டும் ஆசையே இதற்குத் தீனி போடுகிறது. தெருவில் எவர் வீட்டுக் கிடா பெரியது என்ற போட்டி வந்த நாளிலிருந்து, நம் வெயிலுக்கு உரிய நாட்டு ஆட்டை விட்டுவிட்டு, தூரத்து மாநிலங்களிலிருந்து நாட்கணக்கில் பயணம் செய்து வரும் நீண்ட காதுள்ள ஆடுகளைத் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்தப் பெருமைக்கும் இபாதத்துக்கும் என்ன தொடர்பு?

மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. எல்லாவற்றிலும் அழகிய முறையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு இலகுவாக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஜும்ஆ மேடைகளில் ஆண்டுதோறும் இதைக் கேட்கிறோம், கத்தியோடு நிறுத்திக்கொள்கிறோம். அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் விட்டு நின்ற ஒட்டகத்தைத் தடவிக்கொடுத்து, அதைப் பட்டினி போட்டு வேலை வாங்கியதற்காக உரிமையாளரை அவர்கள் கண்டித்த செய்தி அபூதாவூதில் வருகிறது. அங்கே கத்தியே இல்லை. பசியும் களைப்பும்தான் இருந்தன. மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள் அவர்கள். ஆட்டின் மூச்சிரைப்பு அவர்களுக்குத் தெரியாததன்று.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. வெளிப்படையான கண் குருடு, வெளிப்படையான நோய், வெளிப்படையான நொண்டி, எலும்பில் சத்தற்ற மெலிவு ஆகிய நான்கு குறைகள் உள்ள பிராணி குர்பானிக்கு ஆகாது என்பதை பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிகிறோம். நெரிசல் வண்டியில் கால் முறிந்த ஆடும், மாடி வெயிலில் நோயில் விழுந்த ஆடும் எந்தப் பட்டியலில் சேரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்கிய பின் ஏற்பட்ட குறைக்கான தீர்ப்பில் மத்ஹபுகளுக்கிடையே விளக்கங்கள் உள்ளன. அதை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை. ஆனால் நம் கவனக்குறைவால் அந்தக் கேள்வியே எழும்படி விடுவது அமானிதத்தைப் பேணியதாகுமா?

ஆகவே சில யோசனைகளை முன்வைக்கிறோம். ஆட்டை முன்கூட்டிப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு, பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்புவரை வளர்த்தவரிடமே விட்டுவைக்கலாம்; கூடுதல் நாட்களுக்கான தீனிச் செலவை மனமுவந்து கொடுத்தால் அவருக்கும் அது உதவி. கொண்டுவருவதை இரவிலோ விடியலிலோ வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டைக் காலைப் பிடித்து இழுத்தவரை உமர் (ரலி) அவர்கள் கண்டித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. வண்டியிலிருந்து இறக்கும்போது நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கலாம். வீட்டில் கட்டும் இடம் மொட்டை மாடியாகவோ தகரக் கொட்டகையாகவோ இருக்க வேண்டாம். மரத்தடி நல்லது, இல்லையெனில் கீற்றுப் பந்தலும் காற்றோட்டமும் வேண்டும். கோடையில் வளர்ந்த ஆடு ஒன்று நாளுக்கு ஐந்து லிட்டருக்கும் மேல் தண்ணீர் கேட்கக் கூடும். வாளி எப்போதும் நிறைந்து நிழலில் இருக்கட்டும்.

தீனி விஷயத்தில் அன்பே ஆபத்தாகிவிடுவதும் உண்டு. விருந்தாளியைப் போல வந்த ஆட்டுக்குப் பிள்ளைகள் சோறும் ரொட்டியும் பிரியாணியும் ஊட்டுகிறார்கள். மாவுச்சத்து மிகுந்த இத்தீனி இரைப்பையில் புளித்து அமிலமாகி, வயிறு உப்பி, ஆடு ஒரே இரவில் சாய்ந்துவிடக் கூடும். அகத்தி, சூபாபுல், வேம்பு, காய்ந்த கடலைக்கொடி என அது தின்று பழகியதையே, காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கொடுப்பது போதும்.

அறுப்பு நேரத்தைப் பற்றி ஜமாஅத்துகள்தான் முடிவெடுக்க வேண்டும். குர்பானிக்குரிய நாட்கள் ஹனஃபி மத்ஹபில் மூன்று, ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு. அல்லாஹ் விசாலமாக்கித் தந்த இந்தக் காலத்தைச் சுருக்கி, முதல் நாள் பதினொரு மணி வெயிலில் ஊரே ஒரு திடலில் கூடுகிறது. முதல் நாளே சிறந்தது என்பதை அறிவோம். எனினும் அறுப்பவர்கள் பத்துப் பேர், ஆடுகள் முந்நூறு என்றால், கடைசி ஆடு நடுப்பகல்வரை நிழலின்றி, தன் இனம் அறுபடுவதைப் பார்த்தபடி நிற்கிறது. ஒரு பிராணியின் கண்முன் இன்னொன்றை அறுப்பது வெறுக்கத்தக்கது என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்வதைப் படித்தவர்கள்தாம் நாம். தொழுகையை முடிந்தவரை அதிகாலையில் வைப்பதும், வீடுகளுக்கு வரிசை எண் கொடுத்து ஒன்பது மணிக்குள் ஒரு பகுதி, மறுநாட்களின் காலைகளில் மற்றவை என்று பிரிப்பதும், காத்திருக்கும் ஆடுகளுக்குத் திரையிட்ட பந்தல் போடுவதும் பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துப் பேச வேண்டும். தோல் சேகரிப்புக்குப் பொறுப்பாளர் நியமிக்கும் அதே கூட்டத்தில், தண்ணீருக்கும் நிழலுக்கும் ஒருவரை நியமிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.