நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு

மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரத்தில் 2014 முதல் 2023 வரையிலான பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 1,900 பேர் கொலையுண்டார்கள். 2024 இல் செய்தியாளர்கள் காவல்துறைத் தரவுகளை அலசிக் கணக்கெடுத்தபோது, அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் துப்புத் துலங்காமலே கிடந்தன. கொல்லப்பட்டவர் கறுப்பினத்தவராக இருந்த வழக்குகளில் பாதிகூடத் தீரவில்லை. வெள்ளையராக இருந்த வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்திருந்தது. ஏன் இப்படி என்று கேட்டால் காவல் அதிகாரிகள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பார்த்தவர்கள் பேச மாட்டேன் என்கிறார்கள். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மை, அதுவும் துறைக்கு வசதியான பாதி. துலங்காத கொலையைத் தெருவின் மௌனம் மட்டும் உண்டாக்குவதில்லை. முதல் இரண்டு நாள் கழிந்த பிறகு வழக்கில் எவ்வளவு உழைப்பு போடப்படுகிறது என்பதும் சேர்ந்தே உண்டாக்குகிறது. சாட்சிகளைப் பற்றி நாம் செய்துவைத்திருக்கும் முடிவுகளை இந்தக் கோணத்திலிருந்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் எண்களைக் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். 2020 இல் அந்த நகரத்தில் 263 கொலைகள் நடந்தன. அந்த ஆண்டு மக்கள்தொகை 3,01,578. அதாவது லட்சத்துக்கு 87. இந்த விகிதத்தைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள், அந்த நகரம் 1876 இலேயே தன் மாவட்டத்திலிருந்து பிரிந்து ஒரு சிறிய எல்லைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டது என்பதையும், 1950 இல் 8,56,796 ஆக இருந்த மக்கள்தொகையில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு வெளியே குடிபோய்விட்டது என்பதையும் கவனிப்பதில்லை. வசதியான புறநகர்களையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் ஒரு நகரத்தோடு ஒப்பிட்டால் செயின்ட் லூயிஸ் தன் இயல்பைவிடக் கொடூரமாகவே தெரியும். ஆனால் இந்த எல்லைக் கணக்கு கொலை விகிதத்தைத்தான் ஊதிக் காட்டும், துலங்காத வழக்குகளின் பங்கை அது தொடுவதில்லை. நடந்த கொலைகளில் எத்தனைக்கு விடை கிடைத்தது என்ற கேள்விக்கு மக்கள்தொகை தேவையே இல்லை.

அந்த விடை எப்படி எண்ணப்படுகிறது என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 1930 முதல் நடத்தும் கணக்கில், ஒருவரைக் கைது செய்து, குற்றம் சுமத்தி, வழக்கு நடத்த ஒப்படைத்தாலே அது தீர்ந்த வழக்கு. தண்டனை கிடைத்ததா என்பது அந்தக் கணக்கில் வராது. குற்றவாளி இறந்துபோயிருந்தாலும், போதிய ஆதாரம் இருந்தும் அரசு வழக்கறிஞர் வழக்கை எடுக்க மறுத்தாலும்கூட, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விதிவிலக்காகத் தீர்ந்தது என்று பதியலாம். நம் நாட்டுப் புள்ளிவிவரங்களில் வரும் குற்றப்பத்திரிகை விகிதம் இதிலிருந்து வேறானது. இரண்டையும் அருகருகே வைத்து யார் கெட்டிக்காரர் என்று பார்ப்பது வீண் வேலை. இந்தத் தளர்வான அளவுகோலின்படியே பார்த்தாலும் சரிவு பெரிது. 1960களின் நடுவில் அமெரிக்கக் கொலைகளில் பத்துக்கு ஒன்பது தீர்ந்தன. 2020 வாக்கில் அது பாதியளவுக்கு இறங்கியது. 1965 முதல் இன்றுவரை சேர்ந்துபோன துலங்காத கொலைகள் 3 லட்சத்தைத் தாண்டும்.

சாட்சிகளின் மௌனத்துக்கு வருவோம். இதைப் பற்றி ஆழமாக எழுதியவர்கள் செயின்ட் லூயிஸ் வட்டாரப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே இருந்தார்கள் என்பது தற்செயலில்லை. ரிச்சர்ட் ரைட்டும் ஸ்காட் டெக்கரும் 1990களில் செயின்ட் லூயிஸில் தொழிலில் இருந்த 86 ஆயுதக் கொள்ளையர்களைச் சிறையில் தேடாமல் தெருவிலேயே தேடிப்பிடித்துப் பேட்டி கண்டார்கள். புரூஸ் ஜேக்கப்ஸும் ரைட்டும் பழிக்குப் பழி வாங்குவதைப் பற்றி 2006 இல் ஒரு நூலே எழுதினார்கள். ரிச்சர்ட் ரோசன்ஃபெல்ட் அவர்களோடு சேர்ந்து, காட்டிக்கொடுப்பதைத் தெரு எப்படிப் பார்க்கிறது என்று 2003 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த ஆய்வுகளை மேலோட்டமாகப் படிப்பவர், காவல்துறை சொல்வது சரிதான், இந்தத் தெருக்களில் வாய் திறப்பது சாவை அழைப்பதற்குச் சமம் என்று முடித்துக்கொள்வார். ஊன்றிப் படித்தால் வேறொன்று புலப்படும். போதைப்பொருள் விற்பவனைக் கொள்ளையடிப்பவன், அவன் போலீசுக்குப் போக முடியாது என்று தெரிந்துதான் அவனைத் தேர்ந்தெடுக்கிறான். பறிகொடுத்தவன் தானே துப்பாக்கி எடுப்பது, சட்டம் தன் பக்கம் வராது என்ற கணக்கில்தான். இவர்கள் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். சாட்சியும் அப்படித்தான். நான் பேசினால் சுட்டவன் உள்ளே போவானா, அல்லது அடுத்த வாரம் என் வாசலில் நிற்பானா என்பதுதான் அவர் கேள்வி. பாதிக்கு மேல் கொலையாளிகள் பிடிபடாத ஊரில், வாயை மூடிக்கொள்வது பண்பாட்டுக் கோளாறு இல்லை, சரியான கணிப்பு. குறைந்த தீர்வு விகிதம் மௌனத்தை வளர்க்கிறது, மௌனம் தீர்வு விகிதத்தை இன்னும் கீழே இழுக்கிறது. இந்தச் சுழலில் காவல்துறை தன் கையால் மாற்றக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, அதன் சொந்த உழைப்பு.

உழைப்பால் ஏதாவது மாறுமா, அல்லது இது வெறும் நல்லெண்ணமா? இதற்கு என் அறிவில் மிகத் தெளிவான சான்று பாஸ்டன் நகரத்திலிருந்து வருகிறது. பிலிப் குக், ஆண்டனி பிராகா முதலானோர் 2019 இல் வெளியிட்ட ஆய்வு அது. 2010 முதல் 2014 வரை அங்கே நடந்த துப்பாக்கிக் கொலைகளையும், சுடப்பட்டும் உயிர் பிழைத்தவர்களின் வழக்குகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒரே வகையான தெருக்கள், ஒரே வகையான பகைகள், ஒரே வகையான ஆட்கள். சுடப்பட்டவன் செத்தானா பிழைத்தானா என்பதைக் குண்டு ஓரங்குலம் தள்ளிப் பாய்ந்ததும் ஆம்புலன்ஸ் வந்த வேகமும்தான் பெரும்பாலும் தீர்மானித்தன. கொலைகளில் 43 சதவீதம் தீர்ந்தன. பிழைத்தவர்களின் வழக்குகளில் தீர்ந்தது 19 சதவீதம் மட்டுமே. இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். இரண்டாவது வகையில், சுடப்பட்டவரே உயிரோடிருக்கும் சாட்சி. மௌனம் மட்டுமே காரணம் என்றால், கொலைத் தெருவும் காயத் தெருவும் ஒன்றாயிருக்கும்போது இரண்டு வகை வழக்கும் ஒரே அளவில் முடங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. முதல் இரண்டு நாளில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. இடைவெளி விழுந்தது அதற்குப் பிறகுதான். கொலை வழக்கில் புலனாய்வாளர்கள் விடாமல் தொடர்ந்தார்கள்: சாட்சிகளை மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார்கள், தடயங்களை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், தொலைபேசிப் பதிவுகளைக் கேட்டு வாங்கினார்கள். பிழைத்தவர் வழக்கில் கோப்பு மூடப்பட்டது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் துப்புக் கிடைக்காவிட்டால் வழக்கு செத்துவிட்டது என்று நம் துறையில் ஒரு வேதவாக்கு உண்டு; தொலைக்காட்சித் தொடருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பாஸ்டன் தரவைப் பார்த்தால், நாம் உழைப்பை நிறுத்தும் நேரத்தையே வழக்கின் ஆயுள் என்று தவறாக எண்ணிக்கொண்டோமோ என்று தோன்றுகிறது.

இதற்கு முன்பே, 1999 இல், சார்லஸ் வெல்ஃபோர்டும் ஜேம்ஸ் க்ரோனினும் நான்கு பெருநகரங்களில் நடந்த 798 கொலை வழக்குகளை எடுத்து, தீர்ந்தவற்றையும் தீராதவற்றையும் பிரிக்கும் கூறுகள் எவை என்று தேடினார்கள். தீர்வோடு தொடர்புடையதாகத் தெரிந்த 51 கூறுகளில் 37 காவல்துறையின் கையில் இருந்தவை: முதலில் வந்த காவலர் சம்பவ இடத்தைப் பாதுகாத்தாரா, எத்தனை பேர் புலனாய்வுக்கு ஒதுக்கப்பட்டார்கள், அவர்கள் எவ்வளவு விரைவாக வந்து சேர்ந்தார்கள் என்பன போன்றவை.

பாஸ்டன் வேறு, செயின்ட் லூயிஸ் வேறு என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. அந்த ஆண்டுகளில் ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த பாஸ்டனில் கொலைகள் ஐம்பது அறுபது என்ற அளவில்தான் நடந்தன. அதில் பாதி மக்கள்தொகையே உள்ள செயின்ட் லூயிஸில் அது நூறைத் தாண்டியது. பாஸ்டன் புலனாய்வாளருக்கு ஒரு வழக்கோடு மாதக்கணக்கில் இருக்க நேரம் கிடைக்கிறது, செயின்ட் லூயிஸ்காரருக்கு முதல் வழக்கின் சடலப் பரிசோதனை அறிக்கை கைக்கு வருமுன்பே அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை எதிர்க்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. ஒரு முதன்மைப் புலனாய்வாளருக்கு ஆண்டுக்கு நான்கிலிருந்து ஆறு புதிய கொலை வழக்குகள் என்பது அமெரிக்கக் காவல் வட்டாரங்களில் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. 2020 இன் 263 கொலைகளுக்கு அந்த அளவில் 44 முதல் 66 முதன்மைப் புலனாய்வாளர்கள் வேண்டும், அதுவும் பழைய கோப்புகளைத் தொடாமல். இது ஆள்சேர்ப்பும் நிதியும் சேர்ந்த நிர்வாக முடிவு. அதைப் பேசாமல் தெருவின் மௌனத்தைப் பற்றி மட்டும் பேசுவது, நெல்லுக்குத் தண்ணீர் விடாதவன் விதையைக் குறை சொல்வது போலத்தான்.

கொலைகளின் தன்மையே மாறிவிட்டது என்ற இரண்டாவது மறுப்பிலும் உண்மை இருக்கிறது. வீட்டுக்குள் கணவனோ உறவினரோ செய்த கொலைகள் அதிகமாக இருந்த காலத்தில், காவலர் வந்து சேரும்போதே குற்றவாளி யார் என்று தெரிந்திருக்கும். காரிலிருந்து சுட்டுவிட்டுப் போகிறவனிடம் அந்த வசதி இல்லை. சரிவின் ஒரு பகுதிக்கு இது காரணம். ஆனால் பாஸ்டன் ஒப்பீடு இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான்: ஒரே வகைத் துப்பாக்கிச்சூட்டுக்குள்ளேயே தீர்வில் இரட்டிப்புக்கு மேல் வித்தியாசம் இருந்தது.

எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது மூன்றாவது மறுப்பு. விகிதத்தை உயர்த்து என்று அழுத்தினால் யாரையாவது பிடித்து உள்ளே போடுவார்கள். பத்துக்கு ஒன்பது தீர்ந்த அந்தப் பொற்காலத்தில் எத்தனை பேர் தவறாகச் சிறை போனார்கள் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. கைதானவரிடம் அவர் உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பே 1966 இல்தான் வந்தது. இந்த ஆபத்துக்குச் செயின்ட் லூயிஸிலேயே உதாரணம் உண்டு. 1994 இல் அங்கே முகமூடி அணிந்த இருவர் செய்த ஒரு கொலைக்காக, ஒரே ஒரு கண்கண்ட சாட்சியின் அடையாளத்தை நம்பி ஒருவர் தண்டிக்கப்பட்டார். அந்தச் சாட்சி பின்னாளில் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார், வேறு இருவர் தாங்களே செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். தண்டிக்கப்பட்டவர் 2023 பிப்ரவரியில், ஏறத்தாழ 28 ஆண்டுக்குப் பிறகு விடுதலையானார். இத்தனை காலமும் புள்ளிவிவரத்தில் அது துலங்கிய கொலை. அது இரண்டு முறை துலங்காமல் போன கொலை என்பதுதான் உண்மை. அப்படியானால் குறைவாக உழைப்பதா இதற்கு மருந்து? ஒற்றைச் சாட்சியின் தலையில் முழு வழக்கையும் ஏற்றுவது உழைப்பு தீர்ந்துபோன இடத்தில் நடப்பது. தோட்டா உறையை ஒப்பிடுவதும், கேமராப் பதிவுகளைத் தேடுவதும், தொலைபேசி இருப்பிடத்தைச் சரிபார்ப்பதும் குற்றவாளியை நெருங்க உதவுவதைப் போலவே, குற்றமற்றவரை விலக்கவும் உதவுகின்றன.

இவ்வளவும் இருக்க, மிசூரி மாநில அரசியலின் கவனம் வேறு திசையில் இருந்தது. செயின்ட் லூயிஸ் காவல்துறை 1861 இல், உள்நாட்டுப் போரின் வாசலில், மாநிலத்தின் கட்டுப்பாட்டுக்குப் போனது. 2013 இல் நகரத்திடம் திரும்பியது. 2025 இல் சட்டமன்றம் அதை மறுபடியும் மாநில வாரியத்திடம் கொடுத்தது. வாரியத்தில் யார் உட்காருவது என்ற சண்டைக்குச் செலவான அரசியல் வலுவில் ஒரு பங்காவது கொலைப் பிரிவின் நாற்காலிகளுக்குக் கிடைத்திருக்கலாம். 2020 இல் சாட்சிகளைப் பாதுகாக்க மாநிலம் ஒரு நிதியை உருவாக்கியது நல்ல அடி. 2022 இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், மூன்று ஆண்டு கடந்தும் துலங்காத வழக்கை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமையைக் குடும்பத்தாருக்குத் தந்தது. ஆனால் அது கூட்டாட்சி முகமைகள் விசாரித்த வழக்குகளுக்கு மட்டும். நகரக் காவல்துறை விசாரிக்கும் தெருக் கொலைகள் ஏறத்தாழ அத்தனையும் அதற்கு வெளியே.

இப்போது கொலைகள் குறைந்து வருகின்றன. 2024 இல் செயின்ட் லூயிஸின் எண்ணிக்கை 150. மகிழ்ச்சிதான், ஆனால் புள்ளிவிவரம் படிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் விழிப்பாக இருக்க வேண்டும். அமெரிக்க முறையில் ஒரு வழக்கு எந்த ஆண்டில் தீர்கிறதோ அந்த ஆண்டின் கணக்கில்தான் வரவு வைக்கப்படும், கொலை எந்த ஆண்டில் நடந்திருந்தாலும் சரி. புதிய கொலைகள் குறையும்போது கீழே உள்ள எண் சுருங்கும், முந்தைய ஆண்டுகளின் கைதுகள் மேலே சேரும். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்காமலே விகிதம் அழகாக ஏறும். சரியான அளவுகோல் வேறு: ஒவ்வோர் ஆண்டில் கொல்லப்பட்டவர்களையும் தனித் தொகுதியாக வைத்து, ஓராண்டில், மூன்றாண்டில், பத்தாண்டில் எத்தனை வழக்குகள் தீர்ந்தன என்று பின்தொடர்வது. அதோடு, தீராத ஒவ்வொரு கோப்பிலும் புலனாய்வாளர் கடைசியாக ஏதாவது செய்த தேதியையும் எழுதி வைப்பது. வடக்குச் செயின்ட் லூயிஸில் 2014 இல் சுடப்பட்டவரின் கோப்பில் அந்தத் தேதி மூன்றாம் நாளா, முந்நூறாம் நாளா? எஃப்.பி.ஐ.யின் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.