வின்ச்சுக்கு முன் சுமைக் கணக்கு

சேற்றில் இறங்கிய வண்டியை வெளியே எடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை வண்டியின் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எவ்வளவு ஆழம் புதைந்திருக்கிறது, எந்தச் சரிவில் நிற்கிறது என்பவையும் கணக்கில் வரும். அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேடு இதற்கு எளிய அளவுகோல் ஒன்றைத் தருகிறது. சக்கர ஆழத்துக்குப் புதைந்த வண்டியின் சேற்றுத் தடை அதன் எடைக்குச் சமம். மட்கார்டு வரை புதைந்தால் எடையைப் போல் இரண்டு மடங்கு, கேபின் வரை போனால் மூன்று மடங்கு. மேட்டை நோக்கி இழுப்பதானால் எடையைச் சரிவின் பாகையால் பெருக்கி, 60-ஆல் வகுத்து, வரும் தொகையையும் அதனுடன் கூட்ட வேண்டும்.

சாமான்களோடு 2,200 கிலோ எடையுள்ள வண்டி 20 பாகைச் சரிவில் சக்கரம் மூழ்க நிற்கிறது என்று கொண்டால், தேவைப்படும் விசை 2,200-உம் 733-உம் சேர்ந்து 2,933 கிலோ. அதே வண்டி மட்கார்டு வரை இறங்கியிருந்தால் 5,133 கிலோ. இரண்டு நிலைகளுக்கும் இடையிலான 2,200 கிலோ வித்தியாசத்தைப் பெரும்பாலும் மண்வெட்டியே போக்கிவிடும். சக்கரங்களின் முன்னால் இருக்கும் சேற்றை வாரி, அடியில் மாட்டியிருக்கும் மண்ணைத் தோண்டி, டயர் காற்றைக் குறைத்த பிறகு இழுப்பதே முறை. மீட்பு உபகரணங்களில் விலை குறைந்ததும் சுமையை அதிகம் குறைப்பதும் மண்வெட்டிதான்.

வின்ச் வாங்குவதற்கு உலகெங்கும் வழங்கும் விதி, வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுவைத் திறன் வேண்டும் என்பது. மாருதி ஜிம்னியின் மொத்த எடை 1,545 கிலோ. விதிப்படி 2,318 கிலோ போதும். 6,000 பவுண்டு வின்ச் 2,722 கிலோ இழுக்கும். சிறிய வண்டியின் முகப்பில் தேவைக்கு மீறிய வின்ச்சை ஏற்றினால் முன் ஸ்பிரிங் அமுங்கி வண்டியின் நிலைப்பாடு கெடும். மேலே சொன்ன 2,200 கிலோ வண்டிக்கு 3,300 கிலோ வேண்டும். சந்தையில் அதற்குப் பொருந்தி வருபவற்றில் ஒன்று 9,500 பவுண்டு, அதாவது 4,309 கிலோ வின்ச்.

பெட்டியில் அச்சிட்ட அந்த 4,309 கிலோ, டிரம்மில் கயிறு ஒரே அடுக்காகச் சுற்றியிருக்கும்போது கிடைக்கும் விசை. மோட்டாரும் கியரும் தரும் திருகுவிசை மாறுவதில்லை. அடுக்கு ஏற ஏற டிரம்மின் ஆரம் கூடுகிறது, இழுவை குறைகிறது. நான்காவது அடுக்கில் எஞ்சுவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 2,870 கிலோ. மரம் பத்தடி தூரத்தில் இருக்கிறதென்று கயிற்றைக் கொஞ்சமாக இழுத்துக் கட்டினால், சக்கர ஆழத்தில் புதைந்த அந்த வண்டிக்கு வேண்டிய 2,933 கிலோவைக்கூட 9,500 பவுண்டு வின்ச்சால் தர முடியாது. குறை வின்ச்சில் இல்லை, கட்டிய முறையில் இருக்கிறது. தொலைவில் உள்ள மரத்தைத் தேர்ந்தோ, ஸ்னாட்ச் பிளாக் என்னும் கப்பியைப் போட்டோ கயிற்றை நிறைய வெளியே எடுக்க வேண்டும். ஆனாலும் டிரம்மில் ஸ்டீல் கயிறானால் குறைந்தது ஐந்து சுற்று, சிந்தெடிக் ஆனால் எட்டு முதல் பத்துச் சுற்று இருந்தாக வேண்டும். சுமையைத் தாங்குவது அந்தச் சுற்றுகளின் பிடிப்பே. முனையைப் பிடிக்கும் சிறு போல்ட் சுமை தாங்குவதற்கானது அல்ல.

மின்சார வின்ச் விட்டுவிட்டு ஓட்டுவதற்கான கருவி. முழுச் சுமையில் 12 வோல்ட் மோட்டார் 400 ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். ஆல்டர்னேட்டர் தருவது அதில் ஒரு பகுதிதான். மீதி பேட்டரியிலிருந்து போகிறது. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நிமிடம் இழுத்து, மோட்டாரையும் பேட்டரியையும் ஆறவிட்டுத் தொடர்வதே சரி. வோல்டேஜ் இறங்கினால் இழுவை மந்தமாகும், சூடு ஏறும். பெர்மனன்ட் மேக்னட் மோட்டார் குறைந்த மின்சாரத்தில் ஓடும், ஆனால் நீண்ட இழுவையில் விரைவில் சூடேறும். கடும் வேலைக்கு சீரிஸ் வவுண்ட் மோட்டாரே ஏற்றது. பேட்டரிக்கும் வின்ச்சுக்கும் இடையில் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் வைப்பது தீ விபத்தைத் தடுக்கும்.

கயிற்றைப் பொறுத்தவரை ஸ்டீலா சிந்தெடிக்கா என்ற கேள்விக்கு வேலை நடக்கும் இடமே பதில் சொல்லும். ஸ்டீல் கயிறு பாறை உராய்வையும் சூட்டையும் தாங்கும். ஆனால் 28 மீட்டர் கயிறு சுமார் 9 கிலோ எடை. இழை அறுந்தால் முள்ளாகக் கையைக் கிழிக்கும். அறுந்து தெறித்தால் அந்த எடையே ஆபத்து. சிந்தெடிக் கயிறு அதே நீளத்துக்கு இரண்டு கிலோவைத் தாண்டாது, அறுந்தால் காட்டிலேயே பின்னிக்கொள்ளலாம். வெயில், மணல், கூரிய கல் விளிம்பு, சூடு ஆகியவை அதன் எதிரிகள். சுமார் 150 டிகிரி செல்சியஸில் உருகும் இந்த இழை அதற்கு வெகுமுன்பே வலுவிழக்கும். பிளானட்டரி கியர் வின்ச்சுகள் பலவற்றில் பிரேக் டிரம்முக்குள் இருப்பதால், வண்டியைச் சரிவில் கயிறு விட்டு இறக்கும்போது டிரம் கொதிக்கும். சிந்தெடிக் கயிறு போட்டவர்கள் அவ்வாறு நெடுநேரம் இறக்கக் கூடாது. இறக்கியே ஆக வேண்டுமானால் பிரேக் டிரம்முக்கு வெளியே உள்ள வின்ச்சைத் தேர வேண்டும். ஃபேர்லீடு என்பது கயிறு டிரம்முக்குள் நுழையும் வழிகாட்டி. ஸ்டீல் கயிறு ஓடித் தழும்பேறிய ரோலர் ஃபேர்லீடில் சிந்தெடிக் கயிற்றை ஓட்டினால் இழைகள் அறுபடும். வழவழப்பான அலுமினிய ஹாஸ் ஃபேர்லீடு அதற்கு உரியது.

இணைப்புச் சாமான்களில் எண்கள் வாங்குபவரை ஏமாற்றுகின்றன. இரும்பு ஷேக்கிளில் பொறித்திருப்பது பணிச்சுமை எல்லை. முக்கால் அங்குல ஷேக்கிளில் 4.75 டன் என்றிருந்தால், நல்ல தயாரிப்பில் அது உடையும் சுமை அதைப் போல் ஆறு மடங்கு. சாஃப்ட் ஷேக்கிளிலும் கைனெடிக் கயிற்றிலும் அச்சிடுவது பெரும்பாலும் அறுபடும் சுமை. 12 டன் என்ற சாஃப்ட் ஷேக்கிளை 4.75 டன் இரும்பு ஷேக்கிளைவிட வலுவானது என்று எண்ணுவது இந்த வேறுபாட்டை அறியாததால் வருவது. இரண்டு எண்ணையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். எந்த எண்ணும் இல்லாத ஷேக்கிள் மீட்புப் பெட்டியில் இருக்கக் கூடாது.

ஸ்னாட்ச் பிளாக் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. பிளாக்கை மரத்தில் கட்டிக் கயிற்றை வண்டிக்கே திருப்பினால், உராய்வு போக, இழுவை ஏறத்தாழ இரட்டிக்கும், வேகம் பாதியாகும். அதே இரட்டைச் சுமை மரத்தின் மீதும் பிளாக்கைப் பிடிக்கும் ஷேக்கிள் மீதும் விழும். 9,500 பவுண்டு வின்ச் முழு விசையில் நின்றுவிட்டால் அங்கே 8.6 டன் நிற்கும். 4.75 டன் ஷேக்கிளுக்கு அது எல்லை மீறிய சுமை. ஒரு அங்குல, 8.5 டன் ஷேக்கிளுக்கே எல்லையைச் சற்று தாண்டும் சுமை. மரத்தில் சுற்றும் பாலியெஸ்டர் பட்டை அகலமாக, தண்டின் அடிப்பகுதியில், இரு முனைகளும் குறுகிய கோணத்தில் சேரும்படி இருக்க வேண்டும். முனைகளுக்கு இடையிலான கோணம் 120 பாகையானால் ஒவ்வொரு முனையும் முழுச் சுமையையும் தனித்தனியே சுமக்கும்.

வண்டியால் வண்டியை உதறி இழுக்கும் நைலான் ஸ்ட்ராப்பும் கைனெடிக் கயிறும் நீண்டு சுருங்கும் இயல்பில் வேலை செய்பவை. மரத்தில் சுற்றும் பட்டையோ டோ செயினோ அவற்றுக்கு மாற்றாகாது. ஆஸ்திரேலியா 2010-ல் இத்தகைய ஸ்ட்ராப்புகளுக்குக் கட்டாயத் தரநிலை கொண்டுவந்தது. ஸ்ட்ராப்பின் அறுபடும் சுமை வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கு வழங்கும் பரிந்துரை. இரண்டு வண்டிகளில் இலகுவானதை வைத்தே அதைக் கணக்கிடுவார்கள். அளவுக்கு மீறிய தடிமனுள்ள ஸ்ட்ராப் நீளாது. அதிர்ச்சி முழுவதும் இணைப்புப் புள்ளியில் இறங்கும். இரண்டு ஸ்ட்ராப்புகளை இரும்பு ஷேக்கிளால் இணைத்தால், ஒன்று அறுந்த கணமே அந்த ஷேக்கிள் எறிகுண்டாகும். டிரெய்லர் மாட்டும் டோ பால் உடைந்து பறந்து உயிர்கள் போனதுண்டு. டோ பாலும், கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்டுவதற்காக அடியில் வைத்த வளையங்களும் மீட்புப் புள்ளிகள் அல்ல. சேஸிஸில் திருகிய, திறன் குறித்த புள்ளிகளே மீட்புக்கு உரியவை.

இந்தியாவில் பொருத்துதல் சட்டப் பிரச்சினையும் ஆகும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு ஆகியவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை அதற்கு ஆதாரமாகக் காட்டியது. சாலையிலும் ஓடும் வண்டிக்கு வின்ச் பம்பர் வாங்குபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அவர்களில் பலருக்கு 1.6 டன் கையிழுவை டிர்ஃபரும் ஒரு பிளாக்குமே போதும். அவை மின்சாரம் கேட்பதில்லை. வண்டியின் எந்தப் பக்கமும் இழுக்கும்.

இழுக்கும் நேரத்தில் ஒருவர் மட்டுமே உத்தரவிட வேண்டும். மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், இழுக்கும் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கயிற்றின் நடுவில், தெறிப்பைத் தணிக்கும் டேம்பர் பை தொங்க வேண்டும். விறைத்த கயிற்றை யாரும் தாண்டக் கூடாது. ஸ்டீல் கயிற்றைத் தோல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் கயிற்றைச் சுமையோடு, அடுக்கு அடுக்காகச் சுற்ற வேண்டும். தளர்ந்து சுற்றிய கயிறு அடுத்த இழுவையில் உள்ளே புதைந்து நசுங்கும்.

ஆகவே வின்ச்சை முதலில் வாங்கும் வரிசை தலைகீழானது. பணத்தை முதலில் சேஸிஸ் புள்ளிகளில் செலவிட வேண்டும்; அடுத்து மண்வெட்டி, எண் பொறித்த ஷேக்கிள்கள், மரத்தில் சுற்றும் பட்டை, பிளாக், சரியான ஸ்ட்ராப்; வின்ச் கடைசி. ஆஃப்-ரோடு கிளப்புகள் பயணத்துக்கு முன் நடத்தும் வண்டிச் சோதனையில் இந்த எண்களையும் சரிபார்க்க வேண்டும். விற்பனையாளர்கள் பணிச்சுமை எல்லை, அறுபடும் சுமை இரண்டையும் ஒரே சீட்டில் அச்சிட்டால், மீட்பில் நேரும் தவறுகளில் பாதி கடையிலேயே தடுக்கப்படும்.