வீடே ஸ்டூடியோ என்னும் பொய்

"நல்ல கண்டென்சர் மைக் ஒன்று வாங்குங்கள், வீடே ஸ்டூடியோ ஆகிவிடும்." பல வருடங்களாக இந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் மிஞ்சிவிட்டது. மைக் பெட்டியின் மேல் இதுதான், கடைக்காரர் வாயில் இதுதான், எந்த மைக் வாங்கலாம் என்று விளக்கும் காணொளிகளிலும் இதுதான். நம்பிப் பணம் போடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். இணையத்தில் வகுப்பெடுக்கும் ஆசிரியை. கதை படித்துப் பதிவேற்ற நினைக்கும் ஓய்வுபெற்ற மனிதர். பாட்டுக் கற்கும் மகளுக்காகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த தகப்பன். ஆசையாகப் பேசிப் பதிவுசெய்து, போட்டுக் கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. "நம்ம குரல் அவ்வளவுதான்" என்று அடங்கிவிடுகிறார்கள். மைக் விற்றவர்கள் செய்த தவறுக்குக் குரல் பழி சுமக்கிறது. அந்த அநியாயத்துக்காகவே இவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஸ்டூடியோவில் கண்டென்சர்தான், டைனமிக் மைக் எல்லாம் மேடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும்." இது வடிகட்டிய பொய். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 1982இல் வந்தது. அதில் அவர் குரலைப் பதிய ஒலிப்பொறியாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் பயன்படுத்தியது ஷூர் எஸ்எம்7. அது 1973இல் சந்தைக்கு வந்த டைனமிக் மைக். 1968இல் வந்த எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20, அமெரிக்க வானொலி நிலையங்களில் அறிவிப்பாளர் முன்னால் இன்றும் நிற்கிறது. அதுவும் டைனமிக். ஸ்டூடியோவுக்குள் போய்ப் பார்த்தவர் எவரும் இந்த வாதத்தை வைக்க மாட்டார்.

"192 கிலோஹெர்ட்ஸில் பதிவாகும்." மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதற்கு சிடியின் 44.1, காணொளியின் 48 தாராளமாகப் போதும்.

"பிளக்கில் தங்கமுலாம் பூசியிருக்கிறது." கறுத்துப்போகாது. அவ்வளவுதான்.

"கம்ப்யூட்டரில் நேரே செருகினால் போதும்." இந்த ஒரு வரியால் வீணான பணம் கொஞ்சமல்ல. மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கண்டென்சர் மைக்குக்கு ஃபேண்டம் பவர் எனப்படும் 48 வோல்ட் வேண்டும். நார்வே வானொலி நிலையத்தின் அரங்குகளில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. 1966இல் அவர்களுக்காக நாய்மன் நிறுவனம் தந்த மைக் அந்த அழுத்தத்திலேயே இயங்கும்படி செய்யப்பட்டது. அதுவே உலக வழக்கமாயிற்று. கம்ப்யூட்டரின் 3.5 மில்லிமீட்டர் மைக் துளையோ சில வோல்ட்தான் தரும். 48 கேட்கும் மைக்கை அதில் ஒரு மாற்று ஒயர் போட்டு மாட்டினால் சத்தம் வராது, அல்லது இரைச்சலோடு முனகலாக வரும். இன்னொன்றும் உண்டு. இன்றைய மடிக்கணினிகளில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். அதற்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள பிளக் வேண்டும். இரண்டு வளையப் பிளக்கைச் செருகினால் மைக் வந்திருப்பதே மடிக்கணினிக்குத் தெரியாது. விற்றவர் இதைச் சொல்வதில்லை. வாங்கியவர் மைக் பழுது என்று நினைத்துக்கொள்கிறார்.

"மிக்ஸர் இருந்தால்தான் தரம் வரும்." ஒரே ஆள் பேசுவதற்குப் பத்துக் குமிழ் எதற்கு? யூஎஸ்பி போட்ட மலிவு மிக்ஸர்களில் பல, எல்லாக் குரலையும் கலந்து ஒரே ஸ்டீரியோவாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். இரண்டு பேர் பேசியதைப் பிறகு தனித்தனியாகப் பிரித்துச் சரிசெய்ய வழியில்லை. இரண்டு மைக் மாட்டுகிற சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் அதைச் செய்யும். 48 வோல்ட்டும் தரும்.

"ஸ்பீக்கர் விசிலடித்தால் மைக் மட்டம்." ஸ்பீக்கரில் வரும் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வருகிறது. விசிலுக்குக் காரணம் இந்தச் சுற்று. கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அந்த முதுகை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வைத்து, வாயை மைக்குக்கு அருகில் கொண்டுபோனால் விசில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஊர்த் திருவிழாவில் மைக்செட் கட்டுகிறவர் எவரும் இதை அறிவார். மைக்கை மாற்றச் சொல்கிறவர்களுக்கு இதைக் கற்றுக்கொள்ள நேரமில்லை.

இனி, இத்தனைக்கும் அடியில் இருக்கிற பெரும் பொய்க்கு வருகிறேன். "மைக்தான் எல்லாம், அறை இரண்டாம் பட்சம்."

மைக்குக்குக் குரல் இரண்டு வழியாக வந்து சேருகிறது. ஒன்று வாயிலிருந்து நேராக. மற்றது சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி. நேராக வரும் குரல், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். மோதித் திரும்பும் ஒலியோ அறை முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிறைந்திருக்கும். 15 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை, படம் அழகாக வரவேண்டும் என்று 60 சென்டிமீட்டருக்குத் தள்ளிவைத்தால் நேர்க்குரல் 12 டெசிபல் விழுகிறது. எதிரொலி அப்படியே நிற்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற அந்தக் குரல் இப்படித்தான் பிறக்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய மைக்காக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கீழே டைல்ஸ் அல்லது கிரானைட், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் சிமென்ட் பூச்சு. இவற்றில் எதுவும் ஒலியைப் பெரிதாக உறிஞ்சாது. பட்டதில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கைத்தான் விழுங்கும். 10 அடிக்கு 12 அடி, 10 அடி உயரத்தில் ஒரு காலி அறையை எடுத்துக் கணக்குப் போட்டால், எழுந்த ஓசை அடங்க 3 வினாடி அளவுக்கு ஆகும். ஒரு சொல்லின் வால் தேய்வதற்குள் அடுத்த நாலைந்து சொற்கள் வந்து அதன்மேல் விழுகின்றன. மேலைநாட்டு வீடுகள் பலவற்றில் கம்பளத் தரை, மெத்தை நாற்காலி, உள்ளே வெற்றிடம் விட்ட மெல்லிய பலகைச் சுவர். அங்கே அமர்ந்து ஒருவர் கண்டென்சர் அருமை என்று சொன்னதை, மொசைக் தரை மேல் உட்கார்ந்திருக்கிற நம்மிடம் அப்படியே ஒப்பிக்கிறார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஃபாக் விரிவுரை அரங்கில் பேசுவது எவருக்கும் புரியவில்லை. வாலஸ் சாபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பேசுகிறவரை மாற்றவில்லை. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தைத் தன் காதாலேயே கேட்டு அளந்தார். அரங்கு வெறுமையாக இருந்தபோது அடங்க 5 வினாடிக்கு மேல் ஆனது. மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அறையின் கன அளவையும் உறிஞ்சும் பரப்பையும் வைத்து எதிரொலியைக் கணக்கிடும் சூத்திரம் அங்கே பிறந்தது. இன்றும் கச்சேரி அரங்கு கட்டுகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதே சூத்திரத்தை நம் 10க்கு 12 அறையில் போடுங்கள். ஒரு பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, தடித்த திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, 4 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சும் பரப்பைச் சேர்த்தால் 3 வினாடி 1 வினாடிக்கும் கீழே வந்துவிடும். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை; மெத்தையும் திரைச்சீலையும் ஏற்கெனவே வீட்டில் இருப்பவை. ஒரு சாண் தூரத்தில் டைனமிக் மைக், பேசி முடிக்கும்வரை நிறுத்திய ஃபேன் என்று இதோடு சேர்த்துப் பாருங்கள். "நம்ம குரல் அவ்வளவுதான்" என்று முடிவு கட்டியவர்கள் தங்கள் உண்மையான குரலைக் கேட்பார்கள்.

இதைச் சொன்னால் விற்பனை குறையும், அதனால்தான் சொல்வதில்லை. எந்த அறையில் பேசப்போகிறீர்கள், மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும், பக்கத்தில் ஸ்பீக்கர் ஓடுமா என்று கேட்காமலேயே மைக்கின் பெயரைச் சொல்கிறவருக்கு உங்கள் குரலில் அக்கறை இல்லை. அவர் சொல்வதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.